துப்பாக்கி கேஸ்: தீர்ப்புக்குப் பிறகு 14 நாள்

மலேசியத் தோட்டத்தில் காட்டுப்பன்றி விரட்ட வைத்திருந்த துப்பாக்கி ஒரு சண்டையில் வெடித்து ஆள் காயமானால், "துப்பாக்கி என்றாலே தூக்குதான்" என்று லயம் முழுக்கப் பேச்சு ஓடுகிறது. அது தவறு. குற்றச்சாட்டுத் தாளில் எந்தச் சட்டம் என்று முதலில் பாருங்கள்.

1971ஆம் ஆண்டு துப்பாக்கிகளுக்கான கூடுதல் தண்டனைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, கொள்ளை, பணம் பறிப்பு, ஆள் கடத்தல், வீடு புகுதல், கைதை எதிர்த்தல், காவலிலிருந்து தப்புதல் ஆகியவற்றின்போது கொல்லவோ காயப்படுத்தவோ சுட்டால்தான் பாயும். முன்பு அதற்குக் கட்டாயத் தூக்கு. 2023 ஜூலை 4 முதல், தூக்கு இல்லையென்றால் 30 முதல் 40 ஆண்டு சிறை, குறைந்தது 12 பிரம்படி. கூடப் போனவரையும் 3A பிரிவு விடாது. தடுக்க முயன்றதை அவரே நிரூபிக்க வேண்டும்.

வெறும் சண்டையென்றால் குற்றவியல் சட்டம் 324 (ஆயுதத்தால் காயம், 10 ஆண்டு வரை) அல்லது 326 (ஆயுதத்தால் கடுங்காயம், 20 ஆண்டு வரை). எலும்பு முறிந்திருந்தாலே 326க்குப் போய்விடும். அதனால் மருத்துவ அறிக்கையை வரிவரியாகப் படிக்கச் சொல்கிறேன். கொல்லும் எண்ணம் இருந்ததென்றால் 307 (கொலை முயற்சி).

செஷன்ஸ் நீதிமன்றத் தீர்ப்பென்றால், தண்டனை விதித்த நாளிலிருந்து 14 நாளுக்குள் நோதிஸ் ராயுவான் (மேல்முறையீட்டு நோட்டீஸ்) போட வேண்டும். வக்கீல் கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். உள்ளே இருப்பவர் சிறை அதிகாரியிடம் வாயால் சொன்னாலும் செல்லும். மேல்முறையீடு போட்டால் பிரம்படி தானாக நிற்கும். சிறை நிற்காது, அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

பல மேல்முறையீடுகள் சாவது அடுத்த படியில். நீதிபதியின் தீர்ப்புக் காரணங்கள் நோட்டீஸில் எழுதிய முகவரிக்குத்தான் வரும். வந்து சேர்ந்த 14 நாளுக்குள் பெத்திஷென் ராயுவான் (மேல்முறையீட்டு மனு) போகாவிட்டால், வாபஸ் வாங்கியதாகவே சட்டம் கருதும். தோட்டத்து முகவரி கொடுத்தால் ரிஜிஸ்டர் தபால் கிராணி (தோட்ட எழுத்தர்) மேசையில் கிடக்கும், நாள் ஓடிவிடும். டவுனில் நம்பகமான ஒருவர் முகவரியையோ வக்கீல் முகவரியையோ போடுங்கள். நாள் தவறிவிட்டால் கால நீட்டிப்பு கேட்கலாம், ஆனால் தாமதத்துக்குச் சரியான காரணம் காட்டியாக வேண்டும்.

குற்றத்தை ஒப்புக்கொண்டவர் தண்டனையின் அளவு, சட்டப்பூர்வத்தன்மை பற்றி மட்டுமே முறையிட முடியும். "தண்டனை ரொம்ப அதிகம்" என்ற ஒற்றை வரி எதையும் நகர்த்தாது. முதல் குற்றம், ஒப்புதலுக்கான தள்ளுபடி, கைதான தேதி என்று நீதிபதி கணக்கில் எடுக்காததை எழுதுங்கள். 50 வயது கடந்த ஆணுக்கு இந்தப் பிரிவுகளில் பிரம்படி விதித்திருந்தால் அதுவே சட்டப்பிழை.

உயர்நீதிமன்றம் தண்டனையைக் கூட்டவும் முடியும். கையெழுத்துப் போடும் முன் இதைக் குடும்பத்துக்குச் சொல்லிவிடுங்கள்.