பழத்துக்குப் பூசும் பூச்சு: மெழுகு, கற்றாழை, இறால் ஓடு

நவராத்திரி நெருங்கினால் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் பீடோர் வட்டாரத்துப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு காணொளி தவறாமல் வலம் வரும். ஆப்பிளைச் சுடுநீரில் போட்டதும் தோல் வெளுக்கிறது. அதைக் கத்தியால் சுரண்டிக் காட்டி, இது பிளாஸ்டிக் என்று ஒருவர் எச்சரிக்கிறார். அது பிளாஸ்டிக் அன்று. ஆப்பிளின் தோலில் இயற்கையாகவே மெழுகு உண்டு. பறித்த பின் கழுவும்போது அதில் ஒரு பகுதி போய்விடுவதால், பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா மெழுகையோ, அரக்குப் பூச்சி சுரக்கும் அரக்கையோ மிக மெல்லியதாகப் பூசி அனுப்புகிறார்கள். இரண்டும் உண்ணத் தக்கவை என்று ஏற்கப்பட்ட பொருள்கள்தாம்.

பறித்த பழமும் மூச்சு விடுகிறது. உயிர்வளியை உள்ளிழுத்து, தன்னிடமுள்ள சர்க்கரையை எரித்து, கரியமில வாயுவையும் நீராவியையும் வெளிவிட்டபடியே பழுத்து, கனிந்து, அழுகுகிறது. நம் ஊர் வெக்கையில் இது இன்னும் விரைவாக நடக்கும். மேலே ஒரு மெல்லிய படலம் இருந்தால் நீர் இழப்பு குறைகிறது, உள்ளே போகும் உயிர்வளியும் குறைகிறது, பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவின் வேகமும் தணிகிறது. பூச்சு காயைக் கனியாக்காது, சுவையைக் கூட்டாது. நாள்களை மட்டுமே வாங்கித் தரும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய பூச்சு கற்றாழைச் சாறு. பீடோர் கொய்யாவுக்குப் பெயர் போன ஊர் என்பதால் நான் கற்றாழையைக் கொய்யாவில்தான் பூசிப் பார்த்தேன். மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுவதும் வடியவிட்டு, தோலைச் சீவி, உள்ளிருக்கும் சோற்றை அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, லேசாகச் சூடாக்கி ஆறவிட வேண்டும். மஞ்சள் பால் கசக்கும், வயிற்றையும் கலக்கும். அதில் அவசரம் கூடாது. கழுவித் துடைத்த கொய்யாவை ஆறிய சாற்றில் முக்கியெடுத்து, கம்பி வலையில் அடுக்கி, விசிறிக் காற்றில் உலர்த்தினேன். பூசாத காய்கள் காம்போரம் சுருங்கி மஞ்சளாகிக்கொண்டிருந்தபோது, பூசியவை பச்சை மாறாமல் விறைப்பாகவே இருந்தன. ஆனால் கொய்யாவின் அடியில், காய்ந்த புல்லியிதழ் ஒட்டியிருக்கும் அந்தச் சிறு குழியில், கற்றாழைச் சாறு தேங்கிவிடும். தேங்கிய இடம் ஈரமாகவே இருந்து பூஞ்சைக்கு வாசல் திறந்துவிடும். தலைகீழாகக் கவிழ்த்து வடியவிடுவதே இதற்கு வழி.

பூச்சு தடித்தாலும் கெடுதல்தான். உயிர்வளி அறவே கிடைக்காத பழம் உள்ளுக்குள் நொதிக்கத் தொடங்கி, வெட்டும்போது கள் வாடை அடிக்கும். அளவாகப் பூசினால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் நாட்டு ஆய்வே உண்டு. செமினியில் இருக்கும் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாக ஆய்வாளர்கள், வேலம் பிசினை 10 விழுக்காடு கரைசலாக்கித் தக்காளியில் பூசி, 20 டிகிரி செல்சியஸில் 20 நாள் வரை அழுகாமல் வைத்திருக்க முடிந்ததை 2010-இல் வெளியிட்டார்கள். 20 டிகிரி என்பது குளிர்சாதன அறையின் கணக்கு; பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் தார்ப்பாயின் கீழ் மேசை போட்டு விற்பவருக்கு அத்தனை நாள் கிடைக்காது. அவருக்கு இரண்டு மூன்று நாள் கூடுதலாகக் கிடைத்தாலே, விற்காத பழத்தை மறுநாள் பாதி விலைக்குத் தள்ள வேண்டியதில்லை.

கைட்டோசான் என்ற பூச்சும் உண்டு. பூஞ்சையை அடக்குவதில் அது கற்றாழையைவிட வலுவானது என்பது என் கணிப்பு. சிக்கல் என்னவென்றால், அது பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படுகிறது. புரட்டாசி முழுவதும் மரக்கறி உண்ணும் வீட்டில் பூசைத் தட்டுக்கு வைக்கும் பழத்தில் அது பூசியிருந்தால், வாங்குபவருக்குத் தெரிய வேண்டாமா? அரக்குக்கும் இதே கேள்வி பொருந்தும். பெட்டியின் மேல் உணவுச் சேர்பொருள் எண் இ904 (E904) என்றிருந்தால் அரக்கு, இ903 என்றிருந்தால் கார்னௌபா. ஆனால் சில்லறையாக வாங்குகிறவர்களில் எத்தனை பேர் பெட்டியைப் பார்க்கிறோம்?

பப்பாளியிலும் மாம்பழத்திலும் கரும்புள்ளி விழும் ஆந்த்ரக்னோஸ் நோய்க்குப் பூச்சை மட்டும் நம்பினால் போதாது. அந்தப் பூஞ்சை காய் மரத்தில் இருக்கும்போதே தோலுக்குள் நுழைந்து, பழுக்கும்வரை ஒளிந்திருக்கும். மாம்பழத்துக்கு 52 முதல் 55 டிகிரி வெந்நீரில் சுமார் ஐந்து நிமிடம் முக்கியெடுத்து, ஆறவைத்து, நன்றாக உலர்ந்த பிறகு பூசுவதே சரி. இதை வெப்பமானி இல்லாமல் கைப்பதத்தில் செய்ய வேண்டாம். சூடு கொஞ்சம் மிஞ்சினாலும் தோல் வெந்து கறுத்துவிடும்.