வட்டிக்கு 20 காசா, 25 காசா?

பட்ஜெட்டுக்கு மறுநாள் பேப்பரில், மத்திய அரசின் ஒவ்வொரு ரூபாயும் எதற்குப் போகிறது என்று காசு கணக்கில் காட்டும் வட்டம் ஒன்று வரும். 2025-26 வட்டத்தில் மாநிலங்களின் வரிப் பங்கு 22 காசு, வட்டி 20, ராணுவம் 8. அன்றைக்கே டி.வி. விவாதத்தில் ஒருவர், "மொத்தச் செலவில் கால்வாசி வட்டிக்கே போகுது" என்பார். இரண்டுமே சரி.

மத்திய அரசு காட்டும் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி. வட்டி 12.76 லட்சம் கோடி. வகுத்தால் 25 சதவீதம். மாநிலங்களுக்குப் பிரித்துத் தரும் 14.22 லட்சம் கோடி வரிப் பங்கு இந்த 50.65-இல் கிடையாது; வரவிலேயே கழிந்துவிடும். வட்டம் போடும்போது மட்டும் அதையும் சேர்த்து 64.87 லட்சம் கோடிக்கு வகுக்கிறார்கள். வட்டி 20 காசுக்கு இறங்கிவிடுகிறது. இந்த வட்டிக்கு நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பும் கிடையாது. அதை வெட்டச் சொல்லி யாரும் கை தூக்க முடியாது.

ராணுவத்தின் 8 காசிலும் ஒரு சிக்கல். பாதுகாப்பு அமைச்சகத்துக்கு 6.81 லட்சம் கோடி என்று தலைப்புச் செய்தி வரும். அதில் 1.61 லட்சம் கோடி ஓய்வூதியம். வட்டத்தில் அது 'ஓய்வூதியம் 4 காசு' என்ற துண்டுக்குள் போய்விடும்.

அடுத்து, ஒரு தொகை எந்தக் கட்டத்து மதிப்பீடு என்று பாருங்கள். கிராம வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்துக்கு 2024-25 பட்ஜெட் மதிப்பீடு 70,163 கோடி. அதே ஆண்டு முடியும் முன் திருத்திய மதிப்பீடு 22,694 கோடி. 2025-26-க்கு ஒதுக்கியது 67,000 கோடி. இதை "மூன்று மடங்கு உயர்வு" என்றும் எழுதலாம், "ஒதுக்கீடு குறைப்பு" என்றும் எழுதலாம். இரண்டு கட்சிக்காரர்களுக்கும் வசதி! இதுபோல மாநிலமும் பங்கு போடும் திட்டங்களில் பணம் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் நடைமுறைதான்: மாநிலத்தின் பங்கு கணக்குக்கு வந்திருக்காது, பழைய தவணை செலவாகாமல் கிடக்கும், அல்லது பணத்தைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் போயிருக்காது. அதுவரை அடுத்த தவணை வராது. அதனால் முடிந்த ஆண்டின் உண்மைச் செலவைப் பார்க்காமல் எந்தத் திட்டத்தைப் பற்றியும் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

நம்ம சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்துக்கு வருவோம். மதிப்பீடு 63,246 கோடி. 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது, சுமார் 65 சதவீதத்தை மத்திய அரசே ஏற்கிறது என்று அறிவிப்பு வந்தது. அந்த 65-ஐப் பிரித்தால் 33,593 கோடி கடன். பங்கு மூலதனமும் சார்நிலைக் கடனுமாக (மற்ற கடன்களுக்குப் பிறகே திருப்பித் தரும் கடன்) 7,425 கோடி. பெரிய கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியது சென்னை மெட்ரோ நிறுவனம். அந்த நிறுவனத்தால் முடியாவிட்டால் கை கொடுக்க வேண்டியது மாநில அரசு. ஒப்புதலால் லாபமே இல்லையா என்றால், உண்டு. முன்பு மாநிலத் திட்டமாக இருந்தபோது அந்தக் கடன் மாநிலத்தின் கடன் வரம்பைத் தின்றது. இப்போது அந்த இடம் காலியாகிறது. அதில் வேறு வேலைகளுக்குக் கடன் வாங்கலாம்.