யார் சாடை?

கொங்கு நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் ஏழில் அவிநாசியும் ஒன்று. பழைய பேர் திருப்புக்கொளியூர். திருப்பூரில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரம்தான். அப்படியும் இத்தனை வருஷம் அந்தப் பக்கம் போகாமலே இருந்தேன். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட ஊர். பிள்ளை திரும்பி வராத வீட்டுக்காரிக்கு அங்கே என்ன வேலை என்ற வீம்புதான்.

எங்கள் பையனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். அவனுக்குப் பிறந்து இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் தெளியவில்லை. வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்றார்கள். மலம் வெளுத்துப் போனபிறகுதான் பித்தநாள அடைப்பு என்று தெரிந்தது. கசாய் அறுவை சிகிச்சை என்று ஒன்று உண்டு, பிறந்து இரண்டு மாதத்துக்குள் செய்தால் பலன் கூடுதல். செய்தோம். கல்லீரல் கைகொடுக்கவில்லை. முதல் பிறந்த நாளுக்கு முன்பே போய்விட்டான். பச்சைக் குழந்தையைப் புதைப்பதுதான் எங்கள் வழக்கம், திதியும் கிடையாது. ஆகவே அவனை நினைக்க என்று வீட்டில் ஒரு நாளும் இல்லை.

போன மாசம் நாத்தனார் பையனுக்குக் காதுகுத்துச் சீர். அவனும் எங்கள் தம்பியும் ஒரே மாசத்துப் பிள்ளைகள். அவன் உயரத்தைப் பார்த்துத்தான் இவன் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று நான் கணக்குப் போடுவது. சீர் நடந்த மண்டபத்தில் சிரித்த முகத்தோடு பந்தி பரிமாறினேன். மறுவாரம் நானேதான் இவரிடம், "அவிநாசிக்குப் போயிட்டு வரலாங்க" என்றேன்.

கோயிலுக்கு எதிரே தீபஸ்தம்பம். அதன் அடியில் முதலை பிள்ளையை உமிழ்கிற சிற்பம். இவர் அதைப் பார்க்காததுபோல் நேரே உள்ளே போய்விட்டார். அவிநாசியப்பரைக் கும்பிட்டு, கருணாம்பிகை சன்னதியில் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தோம். "பேரு, நட்சத்திரம்?" என்றார் குருக்கள். "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றார் இவர்.

சுந்தரர் கதை நடந்த குளம் கோயிலிலிருந்து நடக்கிற தூரம்தான். கரையில் அவருக்குத் தனிக் கோயில் இருக்கிறது. கதையைப் பெரியபுராணம் சொல்கிற விதம் அங்கே போனபிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு வீட்டில் பூணூல் கல்யாணம், மேளச் சத்தம். இன்னொரு வீட்டில் அழுகை. அந்த வீட்டுப் பிள்ளையும் அதே வயசு, இருந்திருந்தால் அவனுக்கும் இப்போது பூணூல் போட்டிருப்பார்கள். சுந்தரர் வந்திருக்கிறார் என்று கேட்டதும் பெற்றவர்கள் அழுகையை மறைத்து, முகம் மலர்ந்து வந்து கும்பிடுகிறார்கள். மண்டபத்தில் நான் நின்ற மாதிரியேதான். சுந்தரர் அந்தச் சிரிப்பில் ஏமாறவில்லை. பிள்ளையை இழந்தது நீங்கள்தானா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிறார். அது முன்பே நடந்து முடிந்தது, உங்களைக் கும்பிட வேண்டும் என்றுதான் காத்திருந்தோம் என்கிறார்கள் அவர்கள்.

"கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே" என்கிற நாலாவது பாட்டு முடியும் முன்பே முதலை பிள்ளையைக் கொண்டுவந்து விட்டதாம், இடையில் போன வருஷங்களின் வளர்த்தியோடு. அந்த அற்புதத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவர் கேட்டார் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிசு. எங்களிடம் யாரும் கேட்பதில்லை. அழுதுவிடுவேனோ என்று பயந்து, சொந்தக்காரர்கள் தம்பி பேரையே எடுப்பதில்லை. அப்படி ஒருத்தன் பிறக்கவே இல்லை என்பதுபோல ஆகிவிட்டது.

கரையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "ஏஞ் சாமி, கொழந்தைக்கு வேண்டுதலா?" என்றார். இருந்தான் பாட்டி, போயிட்டான் என்றேன். ஐயோ பாவம் என்பார் என்று நினைத்தேன்.

"யாரு சாடை கண்ணு?"

வாய் அடைத்துப் போனது. அப்புறம், "அவங்கப்பா சாடைதான் பாட்டி. காது மட்டும் என்னுது" என்றேன்.

"எங்கம்மா காது" என்றார் இவர், பக்கத்திலிருந்து. தம்பி போனதிலிருந்து அவனைப் பற்றி வாயே திறக்காத மனுஷன். "உங்க வீட்ல யாருக்கும் அந்த மடிப்பு கிடையாது."

பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அந்தக் காதுக்குத்தான் சண்டை போட்டுக்கொண்டு வந்தோம்.