முதலை வெள்ளி

இரவு பத்து மணிக்குப் பாயையும் பைனாகுலரையும் தூக்கிக்கொண்டு மட்டக்களப்புப் பக்கத்துக் கிரான்குளம் கடற்கரைக்குப் போகிறவனை ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். பகலில் ஒழுங்காகக் கணக்கு எழுதும் உத்தியோகம் ஒன்று இருப்பதால், முழுப் பைத்தியம் என்று இன்னும் யாரும் முடிவு கட்டவில்லை.

நான் தேடிப் போனது ஒரேயொரு நட்சத்திரத்தை. பட்டியலில் அதன் பெயர் 47 அர்சே மஜோரிஸ். தூரம் 45 ஒளியாண்டு, அதாவது ஒளிக்கே 45 வருஷப் பயணம். நம் சூரியனின் இனம்தான், ஆனால் கொஞ்சம் பெரியது, வெளிச்சமும் ஒன்றரை மடங்குக்கு மேல். அதைச் சுற்றி வியாழன் மாதிரிப் பெருங்கோள்கள் ஓடுகின்றன. வேறு சூரியன்களின் கோள்கள் ஆயிரக்கணக்கில் கண்டுபிடிக்கப்பட்டாயிற்று. ஆனால் அந்தச் சூரியன்களில் மிகப் பெரும்பாலானவை வெறுங்கண்ணுக்குத் தெரியாதவை. இது தெரியும், மட்டுமட்டாக. 'அதோ, அதற்குக் கோள் இருக்கிறது' என்று எங்கள் கரையில் நின்றே விரல் நீட்டலாம். அந்த ஆசைதான்.

பெயரும் ஒரு காரணம். 2015இல் சர்வதேச வானியல் ஒன்றியம் உலக மக்களிடம் வாக்கு வாங்கிச் சில நட்சத்திரங்களுக்குப் பெயர் வைத்தது. இதற்குக் கிடைத்தது தாய்லாந்துக்காரர் கொடுத்த சாலவன் என்ற பெயர். சாலவன் அவர்களுடைய நாட்டுப்புறக் கதையில் வரும் முதலை ராசா. உள்ளே ஓடும் கோளுக்குத் தாபாவ் தோங், அடுத்ததற்குத் தாபாவ் கேவ். கதையில் இவர்கள் அக்கா தங்கை. முதலை தூக்கிக்கொண்டு போன பெண்ணை அந்த முதலையையே காலகாலமாகச் சுற்ற விட்டிருக்கிறார்களே என்று எனக்குக் கொஞ்சம் மனவருத்தம். இருந்தாலும் மட்டக்களப்பு வாவிக்கரையில் வளர்ந்தவனுக்கு முதலை என்றால் சொந்தச் சாமான் மாதிரி. சின்ன வயதில் ஆற்றில் இறங்காதே என்பதற்கு அம்மா சொன்ன ஒரே காரணம் அதுதான்.

முதல் முயற்சி 2022 மார்ச் கடைசியில். ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்கள். பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, ஆனால் வானம் மட்டும் அப்படியொரு வானம். அந்த வானத்தை நான் வீணாக்கினேன். பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் வாங்கிய பைனாகுலர், ஒவ்வொரு நட்சத்திரத்தையும் இரண்டிரண்டாகக் காட்டியது. கோணிப்போன கண்ணாடி. எது உண்மை, எது நிழல் என்று பிரிக்கவே முடியவில்லை. அதைத் திருத்தி எடுப்பதற்குள் மின்சாரம் திரும்பிவிட்டது.

பிறகு 2024 சித்திரைப் புத்தாண்டுக்கு முந்தின கிழமை, அமாவாசையை ஒட்டி ஓர் இரவு. வடக்கே காத்தான்குடிப் பக்கத்து லைட் வெளிச்சத்தில் துருவ நட்சத்திரம் கரைந்துபோய்க் கிடந்தது. நமக்கு அது அடிவானத்திலிருந்து எட்டுப் பாகை உயரம்கூட இல்லை. ஆனால் சப்தரிஷி மண்டலம் நல்ல உயரத்தில், கவிழ்த்த அகப்பை மாதிரி. அதன் நுனியிலுள்ள இரண்டு நட்சத்திரங்களைக் கீழ்நோக்கி நீட்டினால் துருவம் என்று எல்லோரும் படித்திருப்போம். நீங்கள் அதே கோட்டை மறுபக்கம், மேல்நோக்கி நீட்டுங்கள். அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்கு. வழியில் ஓரமாக ஒரு வெளிச்சமான நட்சத்திரம் நிற்கும், அதைத் தாண்டுங்கள். அங்கே ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி. நேரே பார்த்தால் மறையும், கொஞ்சம் ஒதுங்கிப் பார்த்தால் வரும்.

அம்மா பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது.

"என்ன மனே, இந்த இருட்டுக்குள்ள என்னத்தத் தேடுறாய்?"

சொன்னேன். கோள் தெரியுதா என்று கேட்டா. இல்லை, கோளை யாரும் கண்ணால் காணவில்லை, நட்சத்திரம் ஆடுவதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள் என்றேன். அது அவவுக்குப் பிடிபடவில்லை. எனக்குத் தோணி ஞாபகம் வந்தது. மாமா தோணியில் பின் அணியத்திலிருந்து முன்னுக்கு நடந்தால் தோணி என்ன செய்யும்?

"பின்னுக்கு நழுவும்."

"மாமாவக் காணல்ல, இருட்டு. தோணி நழுவுறது மட்டும் தெரியுது. அப்ப?"

"ஆரோ உள்ளுக்கு நடக்கிறான்."

அவ்வளவுதான் விஷயம். அமெரிக்காவின் லிக் வானாய்வகத்தில் மார்சி, பட்லர் என்ற இருவர் 1987இலிருந்து இதைத்தான் பார்த்தார்கள். நட்சத்திர ஒளியை அயடீன் ஆவி நிரப்பிய குடுவை வழியாக அனுப்பினால், ஆவி பதிக்கும் கோடுகள் அளவுகோலாக நிற்கும். அவற்றோடு ஒப்பிட்டால் நட்சத்திரத்தின் நிறமாலைக் கோடுகள் எவ்வளவு நகர்கின்றன என்று தெரியும்; அதிலிருந்து நட்சத்திரத்தின் வேகம். இந்த நட்சத்திரம் வினாடிக்கு ஏறக்குறைய 49 மீற்றர் வேகத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் போய் வந்தது. நம் சூரியனை வியாழன் ஆட்டுவது 12 மீற்றர்தான். ஓர் ஆட்டம் முடிய 1078 நாள். ஆகவே பல வருஷம் காத்திருந்துதான் 1996 ஜனவரியில் அறிவித்தார்கள்: வியாழனைப்போல் குறைந்தது இரண்டரை மடங்கு பாரமான கோள் ஒன்று. 2001இல் அடுத்தது வந்தது, ஒரு சுற்றுக்கு ஆறரை வருஷம். 2010இல் மூன்றாவது, ஏறத்தாழ 38 வருஷம். கணக்கில் பத்து வருஷத்துக்கு மேல் முன்பின் விட்டிருக்கிறார்கள். ஒரு சுற்றுக்கூட யாரும் முழுதாகப் பார்க்கவில்லையே.

இந்த ஒளி அங்கிருந்து எப்போது புறப்பட்டது என்று அம்மா கேட்டா. நான் வாயால் கணக்குப் போட்டேன். 45 வருஷமும் சில மாதமும். அப்படியென்றால் 1979 தொடக்கம்.

"சூறாவளி அடிச்சு ரெண்டு மாசம்," என்றா உடனே.

1978 நவம்பர் 23. அவவுக்கு அப்போது பதினான்கு வயது. பக்கத்துக் கல்வீட்டுக் கட்டிலுக்குக் கீழே ஏழு பேர் கிடந்த கதையை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். இது கேட்காதது: "விடியப் பாத்தா ஒரு தென்னையும் நிக்கல்ல. பொறகு நாள்கணக்கா விழுந்த மரத்துக் குருத்து வெட்டித்தான் திண்ட. இனிப்புத்தான், ஆனா கண்ட உடனே ஓங்காளிக்கும். இப்பவும் எனக்குக் குருத்துக் காட்டக்கூடாது."

பைனாகுலரை வாங்கி நெடுநேரம் மேலே பிடித்திருந்தா. சரியான புள்ளியைத்தான் பார்க்கிறாவா என்று நான் கேட்கவில்லை. அப்புறம் கை உளைகிறது என்று அதை இறக்கி, கடலில் நின்ற தோணிகளின் லைட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினா.