பாறையில் பார்த்த மான்

போன மாதம் கோத்தகிரிக்குக் கீழே ஒரு சரிவில், குடை மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருந்த பாறைக்கு அடியில் செக்கச்செவேலென்று வரைந்த ஒரு மானும், அதை விரட்டும் வில்லாட்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். கோத்தகிரிப் பக்கம் கரிக்கையூரில் இருக்கும் பழங்காலப் பாறை ஓவியங்களை ஒருமுறை பார்த்து வந்ததிலிருந்தே பாறையைக் கண்டால் நின்றுவிடுகிறவன் நான். கை காலெல்லாம் பரபரத்துவிட்டது.

கூட வந்த இருளர் பெரியவர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். "போன வருசம் இது இங்க இல்ல தம்பி."

அப்புறம்தான் கிட்டப் போய்ப் பார்த்தேன். பழைய ஓவியங்களின் செங்காவி வண்ணம் பாறைக்குள் ஊறி, கல்லின் நிறமாகவே ஆகிப்போயிருக்கும், அதன்மேல் கல்பாசி படர்ந்திருக்கும். இங்கே கல்பாசியின்மேல் சிவப்பு நின்றது. மானின் வயிற்றிலிருந்து பெயின்ட் சொட்டாக வழிந்து காய்ந்திருந்தது.

ஸ்பெயினில் சுபியால்தே என்ற குகையில் 1990-களின் தொடக்கத்தில் இப்படித்தான் நடந்தது. வரலாறு படித்த ஒரு மாணவர் கண்டுபிடித்ததாகச் சொன்ன ஓவியங்களை முதலில் அறிஞர்களே நம்பினார்கள், பிறகு வண்ணத்துக்குள் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சின் நார் கிடைத்தது. இரும்புத் தாதுவான செங்காவியில் கரிமம் கிடையாது என்பதால் கரிமத்தை அளந்து வயது சொல்லும் முறை நேரடியாக அதற்கு உதவாது, பெரும்பாலும் கண்ணையும் இந்த மாதிரித் தடயங்களையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஒரு போலி இத்தனை கெடுதல் செய்கிறது. பக்கத்தில் இருக்கும் நிஜத்தையும் சந்தேகப்பட வைத்துவிடும்.

பழைய பாணியில் வரைவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. இதே மலையில் குறும்பர் பழங்குடியினர் வேங்கை மரப் பிசினையும் இலைச் சாற்றையும் கொண்டு இன்று காகிதத்தில் வரைகிறார்கள், வாங்கி வீட்டில் மாட்டியிருக்கிறேன். அது அவர்களுடைய கை, அவர்களுடைய கதை. காட்டுப் பாறையில் பெயின்ட் டப்பாவோடு போய் மான் வரைவது வேறு.

துடைத்துவிடலாமா என்று கேட்டேன். பெரியவர் வேண்டாம் என்றார். மானின் பின்னங்காலுக்குக் கீழே விரலை நீட்டிக் காட்டினார், தொடவில்லை. பெயின்ட் ஓரத்தில், மங்கலாக, கல்லோடு கல்லாக ஒரு காவிக் கோடு உள்ளே போய்க்கொண்டிருந்தது.