வீட்டுக்குப் போட வேண்டிய கொரோனா கணக்கு

"எனக்கு வந்தா மூணு நாள் காய்ச்சல், அவ்வளவுதான்." 2020இலும் 2021இலும் இளவட்டங்கள் வாயில் அடிக்கடி கேட்ட பேச்சு. அவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் சரிதான். தடுப்பூசி வருவதற்கு முன், கொரோனா தொற்றியவர்களில் 25 வயதினரில் இறந்தது சுமார் 10,000 பேருக்கு ஒருவர். 55 வயதில் 250 பேருக்கு ஒருவர். 75 வயதில் 22 பேருக்கு ஒருவர். ஏறக்குறைய ஆறு வயது ஏறுவதற்குள் ஆபத்து இரட்டிப்பாகிவிடுகிறது.

இந்த எண்களை ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தால்தான் கணக்கு மாறும். 25 வயதுப் பேரன், 75 வயதுப் பாட்டி, இருவருக்கும் ஒரே ஹால். பேரன் தொற்றோடு வந்தால் பாட்டிக்கு ஒட்ட மூன்றில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். பாட்டியின் ஆபத்து 4.6 சதவீதம், அதில் மூன்றில் ஒரு பங்கு சுமார் 1.5 சதவீதம். பேரனின் சொந்த ஆபத்தான 0.01 சதவீதத்தைப்போல 150 மடங்கு! நண்பன் கல்யாணத்துக்குப் போகலாமா என்று யோசிக்கும்போது அவர் பார்க்க வேண்டிய எண் இதுதான். பாட்டி தடுப்பூசி போட்டிருந்தால் எண் வெகுவாக இறங்கும். பெரியவர்கள் யாரும் இல்லாமல் இளம் தம்பதியும் குழந்தையும் மட்டும் இருக்கும் வீட்டில் அந்த எண்ணே கிடையாது. அங்கே குழந்தையை மாதக்கணக்கில் அடைத்து வைப்பதற்கும் ஒரு விலை உண்டு. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளி மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதிதான். 9 மாதத்தில் போட வேண்டிய தட்டம்மை ஊசியைப் பயத்தில் தள்ளிப்போடுவதும் அந்த விலையில் சேர்த்தி.

இளைஞர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கவும் முடியாது. சர்க்கரை, அதிக உடல் எடை, சிறுநீரக நோய், கர்ப்பம், இவற்றில் ஏதேனும் இருந்தால் 25 வயதுக்கான எண் அவருக்குப் பொருந்தாது. நம் ஊரில் முப்பதுகளிலேயே சர்க்கரை வந்து, அது தெரியாமலே நடமாடுகிறவர்கள் நிறைய. இந்த வயதுக் கணக்கு கொரோனாவுக்கு மட்டுமே செல்லும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1918 இன்ஃப்ளூயன்சா 20 முதல் 40 வயதுக்காரர்களைத்தான் அள்ளிக்கொண்டு போனது.

வீடுகளில் வழக்கமாகத் தப்புவது நாள் கணக்கு. காய்ச்சல் வந்ததும் தனி அறைக்குப் போய்விடலாம் என்று இருப்பார்கள். அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே கிருமி பரவத் தொடங்கிவிடுகிறது. அதனால் கூட்டத்துக்குப் போய்வந்தவர் உடம்பு நன்றாக இருந்தாலும் ஐந்தாறு நாள் பெரியவர்கள் பக்கத்தில் என்95 போட்டுக்கொள்வதும், சாப்பாட்டைத் தனியாக வைத்துக்கொள்வதும் நல்லது. முகக்கவசம் கழலும் நேரமே சாப்பாட்டு நேரம்தானே. வால்வு வைத்த கவசம் இதற்கு உதவாது, வெளிவிடும் மூச்சு வடிகட்டப்படாமல் போய்விடும். ஸ்ப்ளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி விடும். அதை அணைத்துவிட்டு, நோயாளி அறை ஜன்னலில் ஒரு டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள், கதவைச் சாத்திவிடுங்கள்.

இளையவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இன்னொன்று உண்டு. ஆக்சிஜன் குறைந்தாலும் அவர்கள் உடம்பு கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும், மூச்சுத் திணறல் தெரியாது. அறிகுறி தொடங்கிய ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை இதைக் கவனிக்க வேண்டும். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். விரல் சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். நெயில் பாலிஷ் இருந்தால் அழித்துவிடுங்கள். முதலில் வரும் எண்ணை எழுதாமல், ஒரு நிமிடம் நிலையாக நிற்கும் எண்ணை எழுதுங்கள். கருத்த தோலில் கருவி சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும். அதனால் ஒரு தடவை வந்த எண்ணைவிட, காலை, மதியம், இரவு எழுதிய வரிசை எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். 94க்குக் கீழே போனால் மருத்துவமனைதான், அதில் யோசனை வேண்டாம். 95, 96 என்று காட்டினால் துணைக்கு ஆளை வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே ஆறு நிமிடம் நடந்துவிட்டு மறுபடி பாருங்கள். மூன்று புள்ளிக்கு மேல் இறங்கினாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியதுதான். வயதானவர்களுக்கு இந்த நடைச் சோதனை வேண்டாம்.

ஆக்சிஜன் எண் நன்றாக இருக்கும்போதே மெடிக்கல் ஷாப்பில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை வாங்கி விழுங்குவது 2021இல் பல வீடுகளில் நடந்தது. ஆக்சிஜன் தேவைப்படுகிறவர்களுக்கு உயிர் காக்கும் மாத்திரை அது. தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை, சர்க்கரை மட்டும் எகிறும். அந்த ஆண்டு கருப்புப் பூஞ்சை பரவியதில் ஸ்டீராய்டுக்கும் கட்டுப்பாடில்லாத சர்க்கரைக்கும் பெரும் பங்கு உண்டு.

குழந்தைகளுக்குப் பதற்றத்தில் கொடுக்கும் மருந்திலும் தப்பு நடக்கிறது. பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. 12 கிலோ குழந்தைக்கு 180 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பில் அது 7.5 மில்லி. ஆனால் கடையில் 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ளதும் கிடைக்கும். அதில் அதே 7.5 மில்லியை ஊற்றினால் இரண்டு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். லேபிளைப் படித்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். இரண்டு வேளைக்கு இடையே ஆறு மணி நேரம், ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது.

வீட்டில் எல்லோரும் தேறிவிட்ட பிறகும் குழந்தை விஷயத்தில் காலண்டரில் ஒரு குறி போட்டு வையுங்கள். தொற்று வந்து இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் விடாத காய்ச்சலோடு கண் சிவப்பு, தோலில் தடிப்பு, வயிற்றுவலி, வாந்தி ஏதாவது சேர்ந்து வந்தால், சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்துச் சிரப்போடு நின்றுவிடாமல் அன்றைக்கே குழந்தைகள் மருத்துவரிடம் போங்கள். குழந்தைக்குக் கொரோனா எந்தத் தேதியில் வந்தது என்பதை முதலில் சொல்லுங்கள்.