சால்கோன் வாரம்

ஜூலை 29, மன்னார்குடி

எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு இன்று சால்கோன் என்ற சேர்மம் செய்யும் பாடம். அசிட்டோஃபீனோனும் பென்சால்டிஹைடும் ஆல்கஹாலில். அதில் காஸ்டிக் சோடா கரைசல். அசிட்டோஃபீனோன் 20 டிகிரியிலேயே உருகிவிடும் சரக்கு, எங்கள் ஆய்வகத்தில் அது கட்டியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. ஐஸ் வைத்துக் கலக்கினார்கள். வெளிர்மஞ்சள் படிகம், உருகுநிலை 55-57. இரண்டு பென்சீன் வளையம், நடுவே மூன்று கார்பன், அதில் ஒரு கீட்டோன், ஓர் இரட்டைப் பிணைப்பு. அவ்வளவுதான் சங்கதி.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. பாமணிப் படித்துறையில் நிற்க இடமில்லை. வீட்டில் அத்தை ஆரத்தி கரைத்தார். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவந்தது. மஞ்சளின் நிறப்பொருளான குர்க்குமின் சால்கோன் இல்லை, அதன் வளையங்களுக்கு நடுவே ஏழு கார்பன். ஆனால் வளையத்து ஹைட்ராக்சில் காரத்தில் புரோட்டானை இழந்தால் நிறம் சிவப்புப் பக்கம் போவது செடிகளில் கிடைக்கும் சால்கோன்களுக்கும் உண்டு.

சாயங்காலம் வேலியோரத்து மஞ்சள் காஸ்மாஸ் பூவையும் துலுக்கச் சாமந்தியையும் அம்மோனியா ஆவியில் காட்டினேன். காஸ்மாஸ் சிவந்துவிட்டது. சாமந்தி அசையவில்லை, அதன் மஞ்சள் லூட்டின், கரோட்டினாய்டு வகை. காஸ்மாஸில் இருப்பது சால்கோனும் அதன் உறவான ஆரோனும்.

"என்னடா, பூவுக்கு ஆரத்தி எடுக்கிறியா?" என்றார் அத்தை.

ஆகஸ்ட் 6

காஸ்மாஸ் மாதிரி சால்கோனைச் சேர்த்துவைக்கும் செடிகள் குறைவு. சால்கோன் சிந்தேஸ் என்ற நொதி கூமரோயில்-கோஏ என்ற மூலக்கூறு ஒன்றையும் மலோனில்-கோஏ என்ற மூலக்கூறு மூன்றையும் கோத்து அதைச் செய்கிறது. அடுத்த நொதி உடனே வளையத்தை மூடி ஃபிளாவனோன் என்ற சேர்மமாக்கிவிடும். கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிகிற மாதிரி, அங்கிருந்துதான் ஃபிளேவோன், ஆந்தோசயனின் போன்ற செடி நிறமிகள் எல்லாம் பிரிகின்றன. கருப்புக் கவுனியின் கருப்பு, மாப்பிள்ளைச் சம்பாவின் சிவப்பு இரண்டும் இந்த வழியில் வந்தவை. நாம் தினமும் வடிக்கும் வெள்ளை அரிசியில் பெரும்பாலானவற்றுக்கு ஆர்.சி. என்ற மரபணுவில் 14 டி.என்.ஏ. எழுத்து விடுபட்டிருக்கிறது. சிவப்பு போனது அதனால்தான். கவுனி ஊறிய தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து பாருங்கள், ஊதா பளிச்சென்று சிவக்கும்.

ஆகஸ்ட் 10

புராஜெக்டுக்கு ஒரு மாணவி "புற்றுநோய்க்கு எதிரான சால்கோன்" என்று தலைப்போடு வந்தாள். எனக்கு அந்தத் தலைப்பைக் கண்டாலே அலுப்பு. தட்டில் வளர்த்த செல்லைக் கொல்லாத சால்கோனைக் காண்பதுதான் அரிது. காரணம் அந்த இரட்டைப் பிணைப்பு: புரதங்களின் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் உள்ள கந்தகத்தைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும், எந்தப் புரதம் என்று பார்க்காது. அதிமதுர வேரில் ஐசோலிக்விரிடிஜெனின், கபிலப் பொடியில் ராட்லரின் என்று நாட்டு மருந்துக் கடையிலேயே இந்தக் குடும்பம் இருக்கிறது. கபிலப் பொடி நாடாப்புழுவுக்குக் கொடுத்ததுதான். ஆனால் மருந்தாக அனுமதி பெற்ற சால்கோன்கள் விரல்விட்டு எண்ணலாம்: ஜப்பானில் வயிற்றுப் புண்ணுக்கு சோஃபால்கோன், பித்தநீர் சுரக்க மெட்டோகால்கோன்.

"அப்போ வேற எடுக்கட்டுமா சார்?" என்றாள்.

வேண்டாம், இதையே எடு. வளையத்தில் வெவ்வேறு தொகுதி வைத்து ஏழெட்டு சால்கோன் செய்; ஒவ்வொன்றையும் சிஸ்டீனோடு கலந்து, எது எவ்வளவு வேகத்தில் நிறம் இழக்கிறது என்று ஸ்பெக்ட்ரோமீட்டரில் அள என்றேன். செல் பரிசோதனை அப்புறம். சிஸ்டீன் பாட்டிலின் காலாவதித் தேதியைப் பார்க்கப் போயிருக்கிறாள்.